புறங்கை எண்ணெய்

விடிகாலை நாலரை மணி. தென்காசி ஸ்டேஷனில் இறங்கினால் குற்றாலத்துக்கு மூன்று மைல். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஜட்காக்காரன் எவனும் எழுந்திருக்க மாட்டான். மேலகரம் தாண்டிவிட்டால் ரோட்டில் ஒரு விளக்கு இல்லை... இரண்டு பக்கமும் வயல். தவளைச் சத்தம். முகத்தில் அடிக்கிற சாரல். அந்த ரோட்டில் ஒற்றை ஆளாக நடந்து வந்தார் சிவனணைந்தபெருமாள். தோளில் ஒரு பை, கையில் எண்ணெய்ச் செம்பு.

பின்னால் சத்தம் கேட்டது.

சப்... சப்... சப்.

ஈரக்கால் சத்தம். அவர் நின்றார். அதுவும் நின்றது. தவளைகளும் நின்றுவிட்டன. அப்புறம் அந்த வாடை... ஐஸ் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, மீனும் இறைச்சியும் சேர்ந்து உறைந்த வாடை, அது. மழைக்காற்றில், வயல் நடுவில்.

"யாருவே அது?"

திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார்.

கொஞ்சம் பொறுங்கள். ஏலே தங்கசாமி, அந்த சர்பத்தை அப்பால் கொண்டுபோ. ஐஸ் போட்ட எதையும் நான் தொடுவதில்லை என்று உனக்கு எத்தனை தரம் சொல்ல? ஏன் என்று கடைசியில் தெரியும். சுகிர்தம், நீ ஜன்னலை விட்டுத் தள்ளி இங்கே வந்து உட்காரம்மா. சாரல் உள்ளே வருகிறது.

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. என் சிநேகிதன் சிவசைலத்தின் தாய்மாமன்தான் இந்தச் சிவனணைந்தபெருமாள். சிவசைலம் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னான். சொல்லி முடித்து, எழுந்து போய், சாக்கடையில் குனிந்து வாந்தி எடுத்தான். ஐம்பத்தெட்டாம் வருஷம் நடந்தது இது.

மாமனுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை. ஐம்பது வயசு, தலை முழு நரை. சீசன் வந்தால் அருவிக்குப் போகிற வழியில் அவருக்கென்று ஒரு கல். ஆள் வந்து உட்கார்ந்தால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். முதுகுதான் அவருக்கு ஆள். உச்சியில் எண்ணெய் வைத்து, கழுத்து, தோள், முதுகெலும்பு என்று உள்ளங்கையால் இறக்கிக்கொண்டே வந்து, முடித்ததும் தோளில் இரண்டு தட்டு. 'எந்திரிங்க அண்ணாச்சி, அருவிக்குப் போவோம்.' இருபத்தைந்து வருஷமாக அதே தட்டு, அதே சொல்.

சீசனுக்கு வந்த ஒரு எஸ்டேட் துரைக்கு அந்தக் கை பிடித்துப்போயிற்று. துரையும் அவர் கூட்டாளிகளும் ஒரு வெள்ளைக் கப்பல் ஏற்பாடு செய்திருந்தார்கள். சரக்குக் கப்பல் இல்லை, சுகவாசிகளுக்கு என்றே கட்டின கப்பல். அந்தமானுக்கும் தெற்கே, மனுஷர் குடியில்லாத காட்டுக் கரைகளை ஓரமாகவே போய்ப் பார்ப்பது. மரங்கள் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்குமாம். முதலை படுத்திருக்குமாம். இந்தத் துரைக் கூட்டம் மேல்தட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்து, தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தின்னும். ஒரு மாசப் பயணம். எண்ணெய் தேய்க்க மாமனைக் கூட்டிப் போனார்கள்.

தின்கிறது என்றால் நம்ம வீட்டுத் தீனி இல்லை. காலையில் தின்று, பதினொரு மணிக்குத் தின்று, மத்தியானம் தின்று... மிச்சத்தைக் கடலில் கொட்டும்போது பின்னாலேயே சுறா வருமாம். அத்தனை பேர் முதுகிலும் மாமன் கைவைத்திருக்கிறார். "உள்ளங்கைக்கு அடியில கொழுப்பு குளுகுளுன்னு நெளியும் மருமவனே, எனக்குச் சோறு எறங்காது" என்று சிவசைலத்திடம் சொன்னாராம்.

அந்தக் கப்பலில் நம்ம பக்கத்து ஆள் இன்னொருத்தன் இருந்தான். ஆலங்குளத்துக்காரன், பேர் சுடலைமாடன். அடுப்படியில் எடுபிடி. இருபத்தெட்டு வயசு இருக்கும், தலை நிறையச் சுருட்டை முடி. ராத்திரி வேலை முடிந்ததும் இரண்டு பேரும் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுவார்கள்.

ஒரு நாள் ஒரு காட்டுக் கரையோரம் கப்பல் நின்றது. அங்கே பாறையில் சிப்பி இருக்கிறது, பச்சையாகத் தின்றால் அமிர்தம் என்று எவனோ சொல்லிவிட்டான். படகு இறக்கி, சுடலைமாடனைச் சேற்றுக்குள் இறக்கினார்கள். செருப்புகூட இல்லை. சேற்றில் கிடந்த ஏதோ மீன்... அதன் முள் பாதத்தில் ஏறிவிட்டது. தூக்கிக்கொண்டு வரும்போதே தொடை வரைக்கும் நீலம்.

விருந்தாளிகளில் ஒருத்தன் டாக்டர். மாமன் ஓடிப்போய் அவன் காலைப் பிடித்தார். அந்த ஆள் சீட்டாடிக்கொண்டிருந்தான். இந்த ஆட்டம் முடியட்டும் என்றானாம். முடிகிறதுக்குள் சுடலைமாடன் கதை முடிந்தது. அவன் கொண்டுவந்த சிப்பியை எலுமிச்சம்பழம் பிழிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், பக்கத்து மேஜையில். தூ! சொல்லும்போதே எனக்கு நாக்கு கசக்கிறது.

சாகும்போது சுடலைமாடன் மாமன் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணாச்சி, என்னத் தண்ணியில மட்டும் போட விட்ராதிய. மண்ணுல வச்சிருங்க. எந்தக் காட்டு மண்ணா இருந்தாலும் சரி."

"வைக்கேன்லே. எங்கையாலயே வைக்கேன்" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார் மாமன்.

அடுத்து இறங்குகிற கரையில் புதைக்கலாம் என்றான் கப்பல் கேப்டன். அங்கே போனால், நல்ல மணல், இங்கே குழி தோண்டினால் துரைமார் வீட்டு அம்மாமார் முகம் சுளிப்பார்கள், அடுத்த கரையில் பார்ப்போம் என்றான். அதற்கடுத்த கரையில் பேண்டு வாசித்து நடனம். இப்படி ஆறு நாள். அதுவரை அவனை எங்கே வைத்தார்கள் தெரியுமா?

ஐஸ் அறையில்.

ஆட்டுத் தொடையும் மீனும் நண்டும் தொங்குகிற அதே அறையில், ஒரு சாக்கைப் போர்த்தி. அங்கிருந்துதான் ஐஸை உடைத்துக்கொண்டு போய் டம்ளர் டம்ளராகப் போட்டார்கள். அடுப்படியில் எல்லாருக்கும் தெரியும். கேப்டனுக்குத் தெரியும். துரைக்கும் தெரியும். நாலாம் நாள் ஒரு அம்மா டம்ளரைத் தூக்கிப் பிடித்து, இதென்ன ஐஸுக்குள் முடி என்று சிரித்தாளாம்.

சுருட்டை முடி.

விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாள்.

என்ன சுகிர்தம், குமட்டுகிறதா? குமட்டட்டும். குமட்டாவிட்டால்தான் மனுஷனில்லை.

ஆறாம் நாள் கரைகள் முடிந்து கப்பல் திரும்பிவிட்டது. துறைமுகத்தில் பிணத்தோடு போய் நின்றால் ஆயிரம் கேள்வி வரும். கடலில் போட்டுவிடு என்றான் கேப்டன். மாமன் அழுதார், விழுந்து கும்பிட்டார். நடக்கவில்லை. கடைசியில், எங்க ஊர் வழக்கப்படி எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியாவது அனுப்புகிறேன் என்று கேட்டார். கால் மணி நேரம் கொடுத்தார்கள்.

நம்ம பக்கத்தில் செத்தவர்களுக்கு எண்ணெய் எப்படி வைப்போம் என்று எல்லாருக்கும் தெரியும். புறங்கையால். மூன்று தரம் தலையில் தொட்டு வைத்துவிட்டு, வாய் திறக்காமல் விலகிவிட வேண்டும். உள்ளங்கை உயிரோடு இருக்கிறவர்களுக்கு மட்டும்.

மாமன் ஐஸ் அறைக்குள் போனார். ஒரே ஒரு மங்கல் விளக்கு. அவனைத் தூக்கி உட்கார வைத்து, சுவரில் சாய்த்தார். தலை முன்னால் தொங்கியது. முதுகு மட்டும் தெரிந்தது. மனசு முழுக்கச் சத்தியம் பண்ணிக் கொடுத்த நினைப்பு. கண்ணில் தண்ணீர் மறைத்தது. செம்பைச் சாய்த்தார். கை தன்பாட்டுக்கு இறங்கிவிட்டது.

உள்ளங்கை.

உச்சி, கழுத்து, தோள்... இருபத்தைந்து வருஷப் பழக்கம், அதற்கு உயிர் எது, பிணம் எது என்று தெரியவில்லை. விறைத்த கழுத்து கட்டைவிரலுக்கு அடியில் இளகிக்கொண்டே வந்ததாம். முடித்தார். தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். வாய் சொல்லியது.

"எந்திரிங்க அண்ணாச்சி, அருவிக்குப் போவோம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, அந்த ஐஸுக்குள்ளே. தொங்கிக்கொண்டிருந்த தலை... கொஞ்சமே கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது என்றார். அதற்குள் ஆட்கள் வந்து, சாக்கில் கட்டி, தூக்கிப் போட்டுவிட்டார்கள். தொப் என்று ஒரு சத்தம். மேலே பேண்டு நிற்கவே இல்லை.

இப்போது அந்த ரோடு, கப்பலை விட்டு இறங்கி மாமன் ஊர் திரும்பின ரோடு. விடிகாலை நாலரை மணி. சப்... சப்... சப்.

வீட்டு வாசல் வரை வந்தது. மாமன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவர் சம்சாரம் குருவம்மாள் விடிந்து எழுந்து பார்த்தால் வாசலில் குட்டை மாதிரி தண்ணீர். தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

அன்றிலிருந்து தினமும் அந்தியில், எல்லாரும் போன பிறகு, கடைசி ஆளாக ஒருத்தன் அவர் கல்லில் வந்து உட்காருவான். முதுகைக் காட்டிக்கொண்டு. பேசமாட்டான். வாடையிலேயே மாமனுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்காவது புறங்கையால் வைத்து அனுப்பிவிட வேண்டும் என்று நினைப்பார். முதுகைப் பார்த்ததும் கை தானாகப் புரண்டுகொள்ளும். உள்ளங்கைதான் விழும். வாயும் சும்மா இருக்காது, அந்தச் சொல்லைச் சொல்லிவிடும். அது எழுந்து அருவிப் பக்கம் போகும். மறுநாள் திரும்ப வரும். நாளாக ஆக முதுகு நைந்துகொண்டே வந்தது. தேய்க்கத் தேய்க்கத் தோல் ஊறின காகிதம் மாதிரி உள்ளங்கையோடு வந்தது... வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுத் தேய்ப்பார், சாம்பல் போட்டுத் தேய்ப்பார். சோற்றில் கைவைத்தால் அதே வாடை. பதினைந்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார். குருவம்மாள் ஊட்டிவிட்டுத்தான் சாப்பிட்டது.

"இப்படியே போனா நீரு செத்துப் போவீரு" என்று அழுதாள் அவள்.

"கை கேக்க மாட்டேங்குட்டி. நான் என்ன செய்ய?"

அன்று மத்தியானம் அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மாமன் வந்து அடுப்பு முன்னால் குந்தினார். அவள் என்னவென்று கேட்பதற்குள் இரண்டு உள்ளங்கையையும் தோசைக்கல்லில் வைத்து அழுத்திவிட்டார். சுர்ர்... என்று சத்தம். எடுக்கவில்லை. அவள் இழுத்துத்தான் எடுத்தாள்.

இனி உள்ளங்கை கிடையாது. பிழைப்பு போனாலும் சரி, சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றத்தான் முடியவில்லை, செய்த தப்பையாவது சரிபண்ணி அவனை அனுப்பிவிடுவது என்று முடிவு. அந்தியில் வாயையும் ஒரு துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் வெந்த உள்ளங்கையில் வாழையிலை சுற்றிவிட்டு, லாந்தரோடு குருவம்மாளும் கூடவே போனாள்.

வந்தது. உட்கார்ந்தது. லாந்தர் வெளிச்சத்தில் அவள் பார்த்தாள்: முதுகெலும்பு வெள்ளையாகத் தெரிந்ததாம், இடுக்கெல்லாம் சிப்பி ஒட்டி. மாமன் புறங்கையில் எண்ணெய் தொட்டு வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. கை புரளவில்லை. வாய் பேசவில்லை. செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்து முடித்து, ஓரடி விலகி நின்றார்.

அது எழுந்தது. போகப் போகிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

போகவில்லை. திரும்பியது. மாமனைத் தோளைப் பிடித்து அதே கல்லில் உட்கார வைத்தது. சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். செம்பை எடுத்து அவர் உச்சியில் சாய்த்தது. உள்ளங்கையால் தேய்த்தது... உச்சி, கழுத்து, தோள். அவர் தேய்க்கிற மாதிரியே, ஒரு பிசகு இல்லாமல். முடித்ததும் தோளில் இரண்டு தட்டு.

"எந்திரிங்க அண்ணாச்சி, கடலுக்குப் போவோம்."

மாமன் எழுந்தார். வாய்த்துண்டு அப்படியே இருந்தது. குருவம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் லாந்தரை உயர்த்திப் பிடித்தாள், ஆள் தெரியவில்லை. தென்காசி ரோட்டில் சத்தம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சப் சப்... சப் சப்... இப்போது நாலு கால்.

போலீஸ் தேடியது. அருவித் தடாகத்தில் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன தங்கசாமி? அந்தத் துரைமாரை ஒன்றும் செய்யலியா என்று கேட்கிறாயா? ஒன்றும் இல்லை. ஒருத்தனுக்குத் தலைவலிகூட வரவில்லை. மறு வருஷமும் அதே கப்பல் கிளம்பியதாம். சத்தியம் பண்ணிக் கொடுத்து அழுதவனைத்தான் அது கூட்டிக்கொண்டு போயிற்று. எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான். பேயைவிட அது அசிங்கம்.

மறுநாள் சிவசைலம் அந்தக் கல்லடியில் போய்ப் பார்த்தான். மணி பத்திருக்கும், வெயில் ஏறியிருந்தது. எண்ணெய்ச் செம்பு மட்டும் கிடந்தது. எடுத்தான். உள்ளே ஏதோ டங்கென்று இடித்தது. கவிழ்த்தான்.

ஒரு கட்டி ஐஸ். அந்த வெயிலில் ஒரு சொட்டுக் கரையவில்லை. தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறான். உள்ளே ஒரு சுருட்டை முடி.

பக்கத்திலேயே, அதோடு பின்னிக்கொண்டு, ஒரு நரைமுடி.