பதினெட்டாம் நம்பர் அட்டை

அப்துல்லா, வயது 33, த/பெ ஜமால் முகமது, கடைவீதி, கள்ளக்குறிச்சி. தொழில் மிட்டாய், பிஸ்கட் மொத்த வியாபாரம். 19.08.2025 அன்று மாலை நாலரை மணிக்கு கரியாலூர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் திரு. வீரமணி அவர்கள் விசாரித்தபோது சொன்னது:

நான் மேற்படி முகவரியில் என் பெற்றோர், மனைவி அத்தியா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். குடிப்பழக்கம் கிடையாது. என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் இல்லை. கடையை முன்பு என் அத்தா (தகப்பனார்) பார்த்து வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு வலது பக்கம் வாதம் அடித்து, நடை போய், பேச்சும் குழறிவிட்டதால் அதன் பிறகு கடையை நான் பார்த்து வருகிறேன்.

கடந்த ஏப்ரல் மாதம் கடைப் பரணைச் சுத்தம் செய்தபோது பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் 1996-ம் வருடத்து பபுள்கம் பாக்கெட்டுகள் இருந்தன. பாக்கெட்டுக்கு ஒரு பபுள்கம், கூடவே கபடி வீரர் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று. விழுப்புரம் பக்கம் இருந்து பிறகு மூடிப்போன ஒரு மிட்டாய் கம்பெனி, நம் பக்கத்தில் பேர் எடுத்த இருபத்து நான்கு வீரர்களைப் படம் பிடித்து அந்த அட்டைகளைப் போட்டது. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர் வட்டாரத்துக்கு என் அத்தாதான் ஏஜென்ட். எலி கடிக்காமல், ஈரம் படாமல் அத்தனை வருடம் அந்தப் பெட்டி இருந்தது எனக்கே அதிசயமாக இருந்தது.

அதன் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் கடை சாத்தியதும் அந்தப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பதைப் போனில் லைவ் போட ஆரம்பித்தேன். பபுள்கம் கல்லாகி, தொட்டால் மாவாக உதிரும். அட்டை மட்டும் அன்று அச்சடித்தது போல வரும். வெளிநாட்டில் வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்கள் நிறைய பேர் பார்த்தார்கள். யாருடைய படம் வந்தாலும் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுதுவார்கள். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள் என்பதும் அவர்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். செத்தவர்கள் எல்லாம் பனியனோடு தொடை தட்டிக்கொண்டு என் கையில் வந்து உட்காருவது எனக்கு முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது.

மே மாதம் 4-ம் தேதி லைவில் பதினெட்டாம் நம்பர் அட்டை வந்தது. கீழே "அம்மாசி, கல்வராயன் மலை" என்று போட்டிருந்தது. மீசை வைத்த ஒருவர், தலையில் துண்டு கட்டி நின்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "அண்ணே, தாடி எடுத்துட்டா அப்படியே நீங்கதான்" என்று எழுதினார். நான் சிரித்துவிட்டு, ஆமாம், போன ஜென்மத்தில் மலையேறினேன் என்று சொன்னேன். அந்தச் சிரிப்பு இன்னும் அந்த வீடியோவில் இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மலைமேல் உள்ள கரியாலூரில் இருந்து மணிமொழி என்பவரும் அவருடைய தாயார் ஆயம்மாளும் பஸ் பிடித்து என் கடைக்கு வந்தார்கள். மணிமொழி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார், பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறார், வயது இருபத்தெட்டு. அம்மாசி அவருடைய தகப்பனார். 1997-ல் மணலூர்பேட்டையில் நடந்த போட்டியில் பாடிப் போனபோது காலைப் பிடித்து இழுத்ததில் தலை அடிபட விழுந்து, இரண்டாம் நாள் இறந்தவர். அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து மணிமொழி பிறந்திருக்கிறார். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை.

மணிமொழி என்னிடம், "எங்கப்பா மூஞ்ச நான் பாத்ததே இல்லண்ணா. கெனாவுலகூட வந்ததில்ல, தெரிஞ்சாத்தானே வரும்" என்று சொன்னார். நான் அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தாயாரிடம் காட்டி, "இவருதானம்மா?" என்று கேட்டார். ஆயம்மாள் அட்டையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, உங்கப்பாதான்" என்றார். அட்டையை உடனே மகள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு மணிமொழி, அம்மாவுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டதால், மீதி இருந்த பாக்கெட்டுகளைக் கடைத்தரையில் கொட்டிக் கொடுத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து அவரே பிரித்தார். ஒவ்வொன்றையும் பிரிக்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வேறு ஆள் வந்தால், "இவரு இல்ல" என்று பக்கத்தில் மரியாதையாக அடுக்கிவைப்பார். நாற்பத்தோராவது பாக்கெட்டில் இன்னொரு பதினெட்டு வந்தபோது சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "எங்கப்பா சாடை உங்களுக்கு இருக்குண்ணா. அதான் வந்த ஒடனே பழகின மாதிரி தெரிஞ்சுது" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மாதிரி நல்ல காரியம் நான் செய்ததில்லை என்று நினைத்தேன்.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் இதை அத்தாவிடம் சொன்னேன். லைவில் வந்த அட்டையைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் சோறு ஒட்டிய இடது கையால் போனைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தார். வாய் குழறிக் குழறி, "அது நான்டா" என்றார்.

எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து அவர் முழுத் தாடியோடுதான் இருந்தார், அதனால்தான் படத்தில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு அரைமணி நேரம் ஆனது. 1996-ல் கம்பெனிக்காரர்கள் கேமராக்காரரை அழைத்துவந்து கள்ளக்குறிச்சியில் ஒரு மைதானத்தில் வீரர்களைப் படம் பிடித்திருக்கிறார்கள். அன்று மலையில் மழை பெய்து, பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. அம்மாசி ஒருவர்தான் பாக்கி. ஒரு தாளில் ஆறுக்கு நாலு என்று இருபத்து நான்கு படம் அச்சாக வேண்டும், ஒரு கட்டம் காலியாக விட முடியாது, கேமராக்காரரும் மறுபடி வரமாட்டார் என்பதால், சரக்கு எடுக்க வந்திருந்த என் அத்தாவுக்கு பனியனைப் போட்டு, தலையில் துண்டு கட்டி நிறுத்திவிட்டார்கள். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. பிறகு அத்தா இதை அம்மாசியிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "மூஞ்சி உன்துன்னா இன்னா பாய், பேரு என்துதானே" என்று சிரித்தாராம். அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார்.

நான் உடனே போய் மணிமொழியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இதற்குள் அவர் போன் கவருக்குள் அந்த அட்டையைச் சொருகி வைத்திருப்பதாகப் படம் அனுப்பினார். அங்கன்வாடிச் சுவரில் பெரிதாக்கி மாட்டியதாக அனுப்பினார். தினமும் வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போவதாக எழுதியிருந்தார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து நான் தாடியை ஒட்ட வெட்டுவதில்லை. லைவும் நிறுத்திவிட்டேன். கண்ணாடி முன் நின்றால் பின்னால் யாரோ பனியனோடு நிற்பது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் அத்தா கட்டிலில் படுத்திருப்பார்.

இந்த மாதம் 16, 17 தேதிகளில் கரியாலூரில் அம்மாசி நினைவுக் கபடிப் போட்டி வைத்தார்கள். மணிமொழி என்னை வரச்சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். 15-ம் தேதி அத்தாவுக்கு மூச்சுத் திணறல் வந்து கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் நான் தூங்கவில்லை. 17-ம் தேதி காலை அவருக்குக் கொஞ்சம் தேவலாம் என்றதால், பரிசாகக் கொடுக்க வாங்கிவைத்திருந்த பனியன்களை எடுத்துக்கொண்டு பைக்கில் மலை ஏறினேன்.

காலை சுமார் பதினோரு மணிக்கு மைதானத்துக்கு முந்தைய வளைவில் திரும்பியபோது எதிரே பேனர் கட்டியிருந்தது. எட்டடி உயரம். அதில் என் அத்தாவின் முகம். முகத்தைச் சுற்றி மாலை, மேலே "கண்ணீர் அஞ்சலி", கீழே மறைந்த தேதி. எங்களில் இறந்தவர் படத்துக்கு மாலை போடும் வழக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் குழாய் சொருகி உயிரோடு இருக்கிற மனிதரை அங்கே செத்தவராகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் பேனர் உப்பும்போது அவர் மூச்சு விடுவது போலவும், அடங்கும்போது நின்றுவிட்டது போலவும் தெரிந்தது. பெட்டி பிரிக்க வைத்திருக்கும் கட்டர் கத்தி பாக்கெட்டில் இருந்தது. சட்டத்தில் ஏறி முகம் இருந்த பகுதியை மட்டும் அறுத்து எடுத்துச் சுருட்டி, பைக்கில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகாமலே கீழே இறங்கிவிட்டேன். அப்போது அங்கு வேறு யாரும் இல்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை.

அன்று மதியம் பேனர் கிழிந்திருப்பதைப் பார்த்தவர்கள், முந்தின நாள் நடுவரோடு தகராறு செய்த மணலூர்பேட்டை அணிதான் செய்திருக்கும் என்று முடிவு கட்டி, "அன்னிக்கி ஆளக் கொன்னீங்க, இன்னிக்கி படத்தக் கிழிச்சீங்களா" என்று அந்த அணியில் ஆடிய அஜித் என்ற பையனை அடித்ததாகவும், அவனுக்குக் கை முறிந்ததாகவும், மணிமொழி அவன் பேரில் மனுக் கொடுத்திருப்பதாகவும் மறுநாள் எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருபது வயதுப் பையன். அவன் கை முறிந்ததற்கு நான்தான் காரணம்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இடது கையால் என் தாடியைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு சொல்லாக, "தொங்கட்டும்டா. அந்தப் பொண்ணுக்கு ஆளு இல்ல. மூஞ்சாவது இருக்கட்டும். உன் கையாலயே கட்டிட்டு வா" என்றார்.

இன்று காலை கள்ளக்குறிச்சியில் அதே பேனரைப் புதிதாக அடித்து எடுத்துக்கொண்டு மலைக்கு வந்து, முதலில் ஆயம்மாளை அவர் கொல்லையில் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் கையில் இருந்த களைக்கொட்டைக் கீழே போடவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. கட்டினவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அவ மூக்கத் தொட்டுப் பாத்துக்கினு நின்னா. இல்லடின்னு எப்படிச் சொல்றது? ஊருல பெரியவங்களுக்கும் தெரியும், அவளுக்காகத்தான் யாரும் வாயத் தொறக்கல. வருஷமாக வருஷமாக எனக்கே அவரு மூஞ்சி கலைஞ்சிக்கினே போவுது. இப்ப கண்ண மூடினா உங்கப்பாதான் வராரு" என்று சொல்லி, அப்போதுதான் அழுதார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு இந்த நிலையத்துக்கு வந்து, கிழித்தது நான்தான் என்று சொன்னேன். காரணம் தெரியாமல் மனுவில் இருந்து அஜித் பேரை நீக்க முடியாது என்று அய்யா சொன்னதால் காரணத்தையும் சொன்னேன். வழக்குப் பதிந்தால் என் வாக்குமூலத்தின் நகல் மனுதாரருக்குப் போகும் என்றும், மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற்றால் இது நிலையத்துக் கோப்போடு நின்றுவிடும் என்றும் அய்யா விளக்கினார்.

மாலை மூன்று மணிக்கு மணிமொழி நிலையத்துக்கு வந்தார். என் முகத்துக்கு நேரே காரணம் சொன்னால்தான் மனுவைத் திரும்பப் பெறுவேன் என்றார். பெண் காவலர் ஒருவர் உடன் இருந்தார். "ஏண்ணா கிழிச்சீங்க?" என்று மணிமொழி கேட்டார். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், கவருக்குள் அட்டை தெரிந்தது. நான், "அட்ட குடுத்தது எங்க கட. பேனர்ல எங்க கட பேரப் போடலன்னு ஆத்திரம். அதான் கிழிச்சேன்" என்றேன்.

அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இத்தினியூண்டு விஷயத்துக்கா எங்கப்பா மூஞ்சில கத்தி வெச்சீங்க?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் பெண் காவலரிடம் திரும்பி, "இவரு மேல கேஸ் வேணாங்க. இவரு இனிமே எங்க மலைக்கு வராம இருந்தாப் போதும்" என்று சொல்லி, மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். புதுப் பேனரை என்னைத் தொடவிடாமல் அவரே தோளில் போட்டு எடுத்துப் போனார்.

அஜித்தின் வைத்தியச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவனிடமும் அவன் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி மலைக்கு வரமாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். வீட்டில் பழைய ஆல்பத்தில் அத்தா தாடி வைக்கும் முன் எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதை எடுத்து பீரோவில் பூட்டச் சொல்லி என் மனைவிக்குப் போன் செய்துவிட்டேன். நாளைக்கே அத்தாவுக்கு ஏதாவது ஆனாலும் அந்தப் படத்தை எங்கள் வீட்டில் யாரும் வெளியில் வைக்க முடியாது.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. என் சொந்தப் புத்தியில், யாருடைய மிரட்டலும் இல்லாமல் சொன்னேன். இதில் உள்ளது அத்தனையும் நிஜம். மணிமொழியிடம் நான் சொன்னதுதான் பொய்.

(ஒப்பம்) ஜ. அப்துல்லா