வராத ராணியின் மணிக்கூண்டு

அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்கும் புத்தி என்னை விட்டுப் போவதாக இல்லை. திருச்சியில் மாம்பழச்சாலையில் இறங்க வேண்டியவன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தன் மனைவியிடம் கேட்ட கேள்விதான் காரணம்.

"ஏங்க மேடம், வராத ராணிக்கு எதுக்குங்க மணிக்கூண்டு?"

மனைவிக்கு அன்று வழிகாட்டி வேலையில் முதல் நாள். விக்டோரியா ராணி பெயரில் மணிக்கூண்டு உள்ள டவுன் ஹாலைச் சுற்றுலா வருபவர்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒத்திகைக்காக இவர் டூரிஸ்ட் வேஷம் கட்டியிருந்தார். அந்த அம்மாள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"விக்டோரியா இந்தியாவுக்கே வரலைங்க. கட்டடம்தான் அவங்க காலத்துது."

"அப்ப மணி யாருக்கு அடிச்சாங்க?"

"வீட்ல கடிகாரம் இல்லாத நம்ம ஜனங்களுக்கு. கோர்ட்டுக்குப் போறவங்க, கடை திறக்கிறவங்க, எல்லாருக்கும் அதான் வாட்ச்."

"பலே! இப்பதான் ஆளுக்கொரு போன் இருக்கே, இனிமே அது எதுக்கு?"

"ஐயோ, இப்படிக் கேட்டா முழிப்பேனே! இன்னிக்குச் சொதப்புனா நாளைக்குக் கூப்பிட மாட்டாங்கங்க."

"தண்ணியக் குடி, தண்ணியக் குடி."

சத்திரம் வந்துவிட்டது. படியில் இறங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நானும் சுத்திப் பாக்க வரலாமாம்மா?"

"வாங்க சார், கேள்வி மட்டும் கேக்காதீங்க."