சின்னத் திருத்தங்கள்

— ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க, புரொபசர். ஒரு வார்த்தை பேசலையே.

— விதி அப்படி, க்வெண்டா. தப்பா எடுத்துக்காதே. பிஎச்.டி. வைவா நடக்கிற ரூமுல கைடு உக்காரலாம், வாய் திறக்கக் கூடாது. அதோட, ஹ்யூபர்ட்னே கூப்பிடு. நாமெல்லாம் சமம்னு முதல் நாளே சொல்லலையா?

— சொன்னீங்க, சொன்னீங்க. “உங்க நாலாம் அத்தியாயம் உங்க கைடு போன வருஷம் வெளியிட்ட கட்டுரையில அப்படியே இருக்கே, எப்படி?”ன்னு அந்த வெளித் தேர்வாளர் என்னைக் குடையறாரு. நம்ம சமம் டீயில பிஸ்கட்டை முக்கிக்கிட்டிருக்கு.

— பிஸ்கட் தின்னக் கூடாதுன்னு விதி இல்லையே. மெதுவா பேசு. கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் நம்ம உள் தேர்வாளர் நட்டலும் உன் தீசிஸை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணிக்கிட்டிருக்காங்க.

— திருடினது நீங்க. திருடிங்கற பேரு எனக்கு.

— பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு? உன் வரைவு ரெண்டு வருஷம் என் மேசையில கிடந்துச்சு. கிடந்த பழக்கத்துல கொஞ்சம் என்னுதாயிடுச்சு.

— எங்க கிரிம்ஸ்பி மீன் துறைமுகம் பக்கம் ஒரு தடவை வந்திருப்பீங்களா? மீன் வெட்டின பொம்பளைங்க அறுபத்திரெண்டு பேரு. ஒவ்வொருத்தர் அடுப்படியிலயும் உக்காந்து கேட்டேன். எங்கம்மா அவங்களோட நின்னு மீன் வெட்டினவ. அதனாலதான் பேசினாங்க. எங்கம்மா மேஸ்திரியைத் திட்டின வசவைக்கூட விடாம உங்க கட்டுரையில போட்டிருக்கீங்க.

— அருமையான வசவு. எடுக்க மனசு வரல. தப்பு எங்க தெரியுமா, ஜைல்ஸை வெளித் தேர்வாளரா போட்டதுல. இருபது வருஷமா எதையும் படிக்காத ஆளுன்னு நம்பித்தான் போட்டேன். முழங்கால்ல ஆபரேஷனாம். படுக்கையில பொழுது போகாம என் கட்டுரையைப் படிச்சுத் தொலைச்சுட்டான்.

— உள்ள கூப்பிடட்டும். உள்ளதைச் சொல்லிடறேன்.

— தாராளமா சொல்லு. விசாரணைக் குழு வைப்பாங்க. கூடும், அடுத்த தேதி குறிக்கும், கலையும். அதுவரைக்கும் பட்டம் கிடப்புல. உனக்கு வயசு நாப்பத்தாறா?

— நாப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சோறு போட்டுட்டு, மிச்ச நேரத்துல ஏழு வருஷமா எழுதினது.

— அதுக்காகத்தான் சொல்றேன். “அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்ட மறந்துட்டேன்.” ஒரே வரி. நம்ம துறையில ஒரு விரிவுரையாளர் இடம் காலியாகுது. தேர்வுக் குழுவுக்கு நான்தான் தலைவர்.

— இதைச் சொல்ல நாக்கு கூசலையா உங்களுக்கு?

— தப்பா எடுத்துக்காதே. என் கைடும் என்னுதை எடுத்தார். நானும் இதே பெஞ்சுல உக்காந்து அழுதேன். அப்புறம் உள்ள போயி, மறந்துட்டேன்னு சொன்னேன். அவரோட ரூமுதான் இப்ப எனக்கு.

— மன்னிக்கணும், கதவைத் திறந்துக்கிட்டு பேச்சுக்கு நடுவுல வந்துட்டேனா? க்வெண்டா, முடிவு சொல்றதுக்கு முன்னாடி ஜைல்ஸுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணுமாம். அந்த நாலாம் அத்தியாயம்...

— மறந்துட்டேன், டாக்டர் நட்டல். புரொபசர் கட்டுரையை மேற்கோள் காட்ட மறந்துட்டேன்.

— அப்பாடா. உள்ள நாங்களும் அப்படித்தான் பேசிக்கிட்டோம். அப்ப சின்னத் திருத்தங்கள்தான், மூணு மாசம் அவகாசம். அந்த அத்தியாயத்துல பக்கத்துக்குப் பக்கம் புரொபசர் பேரைப் போட்டுடுங்க. வாழ்த்துகள், டாக்டர் க்வெண்டா பாஸ்க். வாங்க, ஒயின் ஊத்தி வச்சிருக்கு.

— இதோ வர்றோம், நீங்க போங்க. பாத்தியா க்வெண்டா, எவ்வளவு சுலபம்? அக்டோபர்ல வேலையில சேந்துடு. முதல் ஆராய்ச்சி மாணவியையும் உனக்கே ஒதுக்கிடறேன். வேல்ஸ் பொண்ணு, சுரங்கத் தொழிலாளி மக. கெட்டிக்காரி, வாயில்லாப் பூச்சி.

— அவ இதுவரைக்கும் எவ்வளவு எழுதியிருக்கா, ஹ்யூபர்ட்?