ஓட்டுத் துண்டு

— ஒரே கை, அப்பா. அறுபத்தொரு வோட்டுத் துண்டிலை இருபது ஒரே கை எழுதினது. காலமை தேத்தண்ணியும் குடிக்காமல் நாலு தரம் எண்ணிப் பாத்திட்டன்.

— மெள்ளக் கதை பிள்ளை. புருசெத் ஸ்டேசனிலை ரெயின் ஏறினவையிலை அரைவாசிப் பேருக்குத் தமிழ் தெரியும். முதல் அந்தப் பெட்டியை மடியிலை வை.

— கதைக்காமல் இருக்கேலாது. ஐஞ்சு மணிப் பூசை முடிய நான் மேடையிலை ஏறி முடிவு சொல்ல வேணும். அதுக்கு முன்னம் உங்களுக்குச் சொல்ல வேணும்.

— நேற்று எண்ணினது நீயும் சவிரிமுத்துவின்ரை மேள் சுஜானியும். மேடையிலை சொல்லும் வரைக்கும் ரெண்டு பேரும் வாய் திறக்கிறதில்லை எண்டுதானே பேச்சு.

— பேச்சு மாறிட்டுது. சவிரிமுத்து மாமாவுக்கு முப்பது. கிளெமென்றுக்கு, அதாவது உங்களுக்கு, முப்பத்தொண்டு.

— அப்ப நான் வெண்டிட்டன்.

— அப்பா, இது தலைகீழ். கூட எடுத்தவர்தான் போக வேணும். கூட்டத்திலை எத்தினை தரம் விளங்கப்படுத்தினனான்.

— பகிடிக்குச் சொன்னனான். முதல் வரிசையிலை இருந்து கேட்டவன் நான். முந்தின காலத்து ஏதென்சிலை ஊர் ரெண்டாப் பிரியப்போகுது எண்டு பயம் வந்தால், சனம் உடைஞ்ச சட்டித் துண்டிலை ஒருத்தற்றை பேரைக் கீறிப் போடும். கூடப் பேர் விழுந்தவர் பத்து வருசம் ஊரை விட்டுப் போயிருக்க வேணும். குற்றமுமில்லை, தண்டனையுமில்லை. அவற்றை காணி பூமியிலை ஒருத்தரும் கை வைக்கேலாது.

— இக்கெ சான்த்! எவ்வளவு வடிவான யோசினை. எங்கடை ஆக்கள் ஊருக்குப் பதிலாச் சங்கம் எண்டு வைச்சு, பத்தை ஐஞ்சாக்கினதுதான் வித்தியாசம்.

— உந்த நோர்வேஜிய இக்கெ சான்த்தை மேடையிலை சொல்லிப் போடாதை, 'அப்பிடித்தானே' எண்டு தமிழிலை சொல்லு. வேறை வழியும் இல்லைப் பிள்ளை. பதினாலு வருசமா நான் தலைவர். சங்கம் உடையிறது என்னாலை எண்டு சவிரிமுத்து சொல்லுறார், அவராலை எண்டு நான் சொல்லுறன். போன நத்தாருக்கு ரெண்டு ஒளிவிழா, ரெண்டு பாலன் குடில். சின்னப் பிள்ளையள் எங்கை ஆடுறது எண்டு தெரியாமல் நிண்டுதுகள்.

— கிரேக்கத்திலையும் அப்பிடித்தான். அங்கையிருந்து வந்து என்னோடை படிக்கிற பெட்டை சொல்லுறாள், அவளின்ரை அம்மா சின்னனா இருக்கேக்கை ஊரிலை நீலக் கட்சிக்கு ஒரு கோப்பிக்கடை, பச்சைக் கட்சிக்கு ஒரு கோப்பிக்கடை. தாத்தா உள்நாட்டுச் சண்டையிலை எந்தப் பக்கம் நிண்டவரோ, பேரனும் அந்தப் பக்கத்துக் கடையிலைதான் கோப்பி குடிக்க வேணும். பாதையைத் தாண்டி மற்றக் கடைக்குப் போனால் வீட்டிலை ஏச்சு. எங்களுக்கும் அப்பிடி வரக்கூடாது எண்டுதானே நான் இவ்வளவு பாடுபட்டனான். இப்ப பாத்தால் அதுக்குள்ளையே கள்ளம். இந்த ஊர்ப் பாசையிலை சொன்னால் சுத்த யுக்ஸ்.

— ஒருத்தர் இருபது எழுதினது கள்ளம் எண்டு எப்பிடித் தெரியும்?

— ஏதென்சிலை ஒரு பழைய கிணத்துக்குள்ளையிருந்து நூற்றித்தொண்ணூறு சட்டித் துண்டு எடுத்தவை. எல்லாத்திலையும் ஒரே தலைவற்றை பேர். எழுத்தைப் பிரிச்சுப் பாத்தால், எழுதினது பதினாலு பேர்தான். வாற சனத்தின்ரை கையிலை குடுக்கிறதுக்கு ஆரோ முன்கூட்டியே எழுதி வைச்சிருக்கினம். மியூசியத்திலை பாத்த அண்டைக்கு எனக்குச் சிரிப்பு. ரெண்டாயிரத்தைஞ்ஞூறு வருசத்துக்குப் பிறகு அதே விளையாட்டு, ஒஸ்லோவிலை, எங்கடை கோயில் மண்டபத்திலை!

— மனிசர் மாறேல்லை எண்டதுக்கு இவ்வளவு சந்தோசமே உனக்கு?

— சந்தோசமும்தான், கோவமும்தான். கள்ளன் கெட்டிக்காரன். தமிழிலை எழுதேல்லை. நோர்வேஜிய எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து. ஒவ்வொண்டுக்கும் நடுவிலை ஒரேயளவு இடம் விட்டு, தன்ரை தன்ரை பெட்டிக்குள்ளை நிக்கிற மாதிரி. ஆரோ படிவம் நிரப்பின மாதிரி. என்னப்பா, யன்னலாலை பாக்கிறியள்?

— ட்வெய்ட்டா ஸ்டேசன் வந்திட்டுது. சனம் ஏறுது. காலை மடக்கு.

— இருபதிலையும் உங்கடை பேர். அப்ப எழுதினது சவிரிமுத்து மாமாதான். மேடையிலை அவற்றை பேரைச் சொல்லத்தான் போறன்.

— அந்தாள் என்னோடை பிடிக்காத சண்டை இல்லை. ஆனால் கள்ள வோட்டுப் போடுற ஆளில்லை.

— றெபேக்கா மாமியும் கூட்டு.

— றெபேக்கா அக்காவோ? அந்த மனிசிக்கு எழுபத்தாறு வயசு.

— என்னட்டை ஆதாரம் இருக்கு. நான் கூட்டத்திலை 'ஓட்டுத் துண்டு' எண்டு புத்தகத் தமிழிலை சொல்லப் போக, எல்லாரும் வோட்டுப் போடுற துண்டு எண்டு நினைச்சினம். சட்டி ஓடு எண்டு சரியா விளங்கினது அவவுக்கு மட்டும்தான். வோட்டுப் போடுற அண்டைக்கு உடைஞ்ச கறிச்சட்டி ஓடு ஒண்டைக் கைப்பைக்குள்ளை கொண்டந்தா. மண்டபமே சிரிச்சது. அந்த ஓடு இந்தா. இதிலையும் அதே எழுத்து. கடதாசியை எண்டால் ஆரும் பெட்டிக்குள்ளை திணிக்கலாம். இது அவவின்ரை கையாலை விழுந்தது, நான் பக்கத்திலை நிண்டு கண்டனான். அப்ப அவவும் உடந்தை. அவவின்ரை பேரையும் சொல்லுவன்.

— சொல்லாதை.

— ஏன் சொல்லக்கூடாது?

— அவவுக்குக் கை நடுக்கம். பேனை பிடிக்கேலாது.

— அப்ப இதை ஆர் எழுதினது?

— நான்.

— அப்பா.

— மண்டப வாசலிலை, கோட்டுக் கொழுவுற இடத்திலை நிண்டனான். அவ வந்து அந்த ஓட்டை நீட்டி, 'தம்பி, இதிலை ஒரு பேர் எழுதித் தாரும்' எண்டா. இருபத்தெட்டு வருசமா அவவின்ரை பென்சன் படிவம், வீட்டுப் படிவம் எல்லாம் எங்கடை குசினி மேசையிலை நான்தானே எழுதினனான். வேறை ஆரிட்டைப் போவா? ஆற்றை பேர் அக்கா எண்டு கேட்டன். 'உம்மடை பேர்தான்' எண்டா.

— முகத்துக்கு நேரயோ?

— நேர. அவவுக்குப் பின்னாலை வரிசை நிண்டது. கண்ணாடியை மறந்து வந்தவை, எழுத்து வராதவை, பிழையா எழுதிப்போடுவம் எண்டு பயந்தவை. எழுதுற வேலை எண்டால் கிளெமென்றிட்டைப் போறது எண்டு பழகிப்போச்சு. எல்லாரும் என்ரை பேர்தான். சவிரிமுத்துவைச் சொல்ல இருந்தவை வெக்கத்திலை தாங்களே எழுதியிருப்பினம்.

— என்ரை பள்ளிக்கூடப் படிவம் எல்லாத்திலையும் இந்த எழுத்துத்தானே இருந்தது. எனக்கு ஏன் பிடிபடேல்லை?

— கள்ளன்ரை எழுத்து எண்டு தேடினால் தேப்பன்ரை எழுத்துத் தெரியாது பிள்ளை.

— நீங்கள் மாத்தி எழுதியிருக்கலாம். அவைக்குத் தெரிஞ்சிராது.

— அப்பிடி மாத்தி எழுதினால், நாளைக்கு அவை என்னை நம்பி எந்தப் படிவத்திலை கையெழுத்து வைக்கிறது?

— இதே கதை அங்கையும் இருக்கப்பா. நேர்மையான ஒரு தலைவர். எழுதத் தெரியாத ஒருத்தன், அவர் ஆரெண்டு தெரியாமல் அவரிட்டையே ஓட்டை நீட்டி அவற்றை பேரை எழுதச் சொன்னவன். அவரும் பேசாமல் எழுதிக் குடுத்தவர். அது கட்டுக்கதை எண்டு நான் சோதினையிலை எழுதி நல்ல புள்ளி எடுத்தனான்.

— அவனுக்கு ஆரெண்டு தெரியாது. என்னட்டை வந்தவை எல்லாருக்கும் நான் ஆரெண்டு தெரியும்.

— நொந்திருக்குமே.

— நொந்தது. ஏன் அக்கா எண்டு கேட்டும் போட்டன். 'நீர் தலைவரா வந்த நாளிலையிருந்து என்ரை கடிதங்கள் மூண்டு கிழமை, நாலு கிழமை உம்மடை மேசையிலை கிடக்குது தம்பி. எங்களுக்குத் தலைவர் கிடைப்பினம், எழுதித் தர ஆளில்லை' எண்டா. உண்மைதானே.

— குறொன்லாண்ட் வந்திட்டுது. அடுத்ததிலை இறங்க வேணும். நான் மேடையிலை என்ன சொல்லுறது?

— முப்பத்தொண்டுக்கு முப்பது எண்டு சொல்லு. சவிரிமுத்துவுக்குக் கை குடுக்க நான் முன்னுக்கு வந்து நிப்பன்.

— ஒரு வோட்டு அப்பா. ஒரேயொரு வோட்டு. பொறுங்கோ, எத்தினை பேருக்கு எழுதிக் குடுத்தனீங்கள்?

— பத்தொன்பது. றெபேக்கா அக்காவின்ரை ஓட்டோடை சேத்து.

— இதிலை உங்கடை எழுத்திலை இருபது கிடக்கு. நாலு தரம் எண்ணினனான், பிழைக்காது. ஆரப்பா அந்த இருபதாவது ஆள்?

— அவர் ஒருத்தரிட்டையும் எழுதித் தரச்சொல்லிக் கேக்கேல்லைப் பிள்ளை. பேனை அவற்றை கையிலைதானே இருந்தது.