மிக்ஸிக்கு அசையாத கருவி

மின்னல் கண்டறியும் கருவி வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டு மிக்ஸியைப் பார்க்க வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். விலை குறைந்த கருவிக்கு வானத்து மின்னலும் ஒன்றுதான், மிக்ஸி மோட்டாரில் பறக்கும் பொறியும் ஒன்றுதான். நான் முதலில் வாங்கியது அந்த ரகம். கூடத்து அலமாரியில் வைத்தேன். தங்கை எதை அரைத்தாலும் பதினைந்து கிலோமீட்டரில் மின்னல் என்று கத்தியது.

அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை எச்சரிக்கை போட்டேன். ஒருமுறை என் பேச்சைக் கேட்டு மைதானத்தில் பந்தயத்தையே நிறுத்தினார்கள். அன்று இருட்டும்வரை வெயில் பல்லைக் காட்டியது. மறுநாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

‘மிக்ஸி மச்சான்’ என்று எனக்குப் பெயர் வைத்தவர் தங்கையின் கணவர். ஒரே வீட்டில்தான் இருந்தோம். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் நைசாகச் சமையலறைக்குள் போய் வெறும் மிக்ஸியை ஓடவிடுவார். கருவி அலறும். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு நிதானமாக விசாரித்து நல்ல கருவியாக வாங்கினேன். ஆண்டெனாவை வீட்டு வயர்களிலிருந்து தள்ளி, தோட்டத்து மூலையில் மரக்கம்பத்தில் கட்டினேன். இரண்டு மாதம் ஒவ்வொரு மின்னலையும் குறித்து, வானிலை வரைபடத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. மிக்ஸிக்கு அது அசையவே இல்லை. இதை மாப்பிள்ளையிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. புது மிக்ஸி நல்லா அரைக்குதா என்பார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். தங்கை கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை மொட்டைமாடியில் தகரக் கூரை போட இரும்புக் குழாய்களை நிறுத்திக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் வானம் தெளிவு. மேற்கே மட்டும் கருத்துக்கிடந்தது. கருவி முதலில் இருபது கிலோமீட்டர் என்றது, அப்புறம் பதினாறு, அப்புறம் ஒன்பது. பத்துக்கு உள்ளே வந்துவிட்டால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது. அடுத்தது எங்கே வேண்டுமானாலும் இறங்கும்.

கருவி அவ்வளவு சத்தம் போட்டும் அவர் ஏன் இறங்கவில்லை என்று கேட்டீர்கள். இறங்கத்தான் பார்த்தார். சுத்தியல் நின்றது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் கழித்து ஒரு மனிதர் என் கருவியின் பேச்சைக் கேட்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் கீழே வந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மழை பெய்து ஓய்ந்திருக்கும். ஒன்றும் நடக்காததைக் காட்டி எதை நிரூபிக்க முடியும்? சாயங்காலம் நாலு பேரைக் கூட்டிவைத்து மறுபடி சிரித்திருப்பார். மைதானத்துக் கதை திரும்ப நடந்திருக்கும்.

அதனால் நான் சமையலறைக்குப் போனேன். ஜாரில் ஒன்றும் இல்லை. மிக்ஸியைப் போட்டேன்.

செருப்புச் சத்தம் பாதிப் படியில் நின்றது. “மச்சான், மிக்ஸியா ஓடுது?”

“ஆமா மாப்பிள்ளை, ஓடுது.”

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி ஏறினார். திரை அப்போது ஆறு காட்டியது. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மூன்று நிமிடத்தில் அவர் குழாயைப் பிடித்திருந்த இடத்திலேயே மின்னல் இறங்கியது. கருவி கணித்ததில் இம்மிகூடத் தப்பில்லை.

தங்கை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவர் கேட்டபோது மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.