கடலில் நட்ட புல்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கடலுக்கடியில நட்ட புல்லுல பாதிக்கு மேல செத்துப்போச்சுன்னு அரசாங்கத்துக்கு எழுதிட்டேன்க்கா" என்றாள் தங்கை.

"கடல்ல புல்லா?"

"கடல்பசு மேயிற புல்லு. எப்படி வளருதுன்னு அப்பப்ப அறிக்கை குடுக்கணும்."

"மிச்சம் பொழச்சுருக்குன்னு எழுதிருக்கலாம்ல?"

"அதையும் எழுதுனேன். கரையோரம் நட்டதப் புயல் பிடுங்கிருச்சு, ஆழத்துல நட்டது நிக்குதுன்னு படத்தோட அனுப்புனேன். திட்டத்தையே நிறுத்திருவாகன்னு எங்க சார் கோவிச்சுக்கிட்டாக."

"நிறுத்திட்டாகளா?"

"இல்லக்கா. காலையில பதில் வந்துச்சு. மிச்சத்தையும் ஆழத்துலயே நடச் சொல்லிட்டாக. திங்கக்கெழம மறுபடி தொண்டிக் கடலுக்குப் போகணும், திரும்பி வர மாசக்கணக்காகும்."

"நல்லதுதான? அதுக்கு ஏன் கண்ணத் தொடைக்கிற?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்படியும் நிறுத்திருவாகன்னு நெனச்சு, அம்மா இனிமே இங்கனதான் இருப்பேன்னு நேத்து எம் பாப்பாகிட்டச் சொல்லிப்புட்டேன்க்கா."

சின்னமனூர் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே இருவரும் எழுந்தார்கள்.

"நானும் ஒன் வீட்டுக்கு வாரேன்" என்றாள் அக்கா. "பாப்பாகிட்டச் சேந்தே சொல்லுவோம்."