நல்ல கால்

— நூத்து முப்பத்து நாலு சென்டிமீட்டர். மூணாவது தடவையும் இவ்வளவுதான்டி முயலு.

— பாஸா இல்லையா, அதைச் சொல்லு. டேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு தரையையே முறைச்சுக்கிட்டு நின்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?

— ஆபரேஷன் ஆன வலது கால் நூத்து இருபத்தஞ்சு. நல்ல கால், இடது, நூத்து முப்பத்து நாலு. நல்ல கால் தாவினதுல தொண்ணூத்து மூணு சதவீதம் வந்திருக்கு.

— தொண்ணூறு வந்தா விளையாடலாம்னு நீதானே சொன்ன! மூணு மிச்சம் வேற. வச்சுக்கோ, எவளாவது பெயிலானா குடு. பேனா எங்க? இங்கதானே நீ கையெழுத்துப் போடணும்?

— பேனாவைக் கீழ வை. உட்காரு.

— உட்கார்ந்தா அப்புறம் எந்திரிக்கணும். நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு.

— இந்த ஷீட்டைப் பாரு. போன வருஷம், உனக்கு அடிபடறதுக்கு முந்தி, சீசன் ஆரம்பத்துல டீம் மொத்தத்துக்கும் நான் எடுத்தது. இதே ரூம், இதே வெள்ளைக் கோடு. ஒத்தைக் கால்ல, இடது கால்ல, எவ்வளவு தாவியிருக்க? படி.

— நூத்து அறுபத்து ரெண்டு.

— இன்னிக்கு நூத்து முப்பத்து நாலு. இருபத்தெட்டு சென்டிமீட்டர் எங்கடி போச்சு?

— வயசாகுதுல்ல.

— ஒரு வருஷத்துல ஒரு சாணுக்கு மேலயா வயசாகும்? விளையாடாத.

— பத்து மாசமா கட்டில்லயும் ஜிம்லயும் மாத்தி மாத்திக் கிடந்தவடி நான். காலையில வேற ஒண்ணும் சாப்பிடல. உனக்கென்ன, குளுகுளுன்னு ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு கேள்வி கேப்ப.

— ஓய்வுல கிடந்தா கால் இளைக்கும், ஒத்துக்கறேன். இவ்வளவு இளைக்காது. இந்த வீடியோவைப் பாரு. வலது கால்ல தாவி இறங்கறப்ப முட்டி அழகா மடங்குது. பூ மாதிரி இறங்கற. இடது கால்ல பாரு. மடங்கவே இல்ல. கம்பை நட்ட மாதிரி நிக்குது. நடிக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

— நடிக்கறேனா?

— வேற என்ன? முட்டி ஜவ்வு கிழிஞ்ச கால் எவ்வளவு தேறியிருக்குன்னு தெரிய ஒரு அளவுகோல் வேணும். அதுக்குத்தான் நல்ல காலை வச்சிருக்கோம். நல்ல கால் நூறு தாவினா மத்தது தொண்ணூறு தாவணும். நல்ல காலை வேணும்னே குறைச்சுத் தாவினா, தேறாத காலும் தேறிடும். அதைத்தானே பண்ற?

— என் தண்ணி பாட்டிலை எங்க வச்சேன்?

— கேக்கறேன்ல? ஆமாவா, இல்லையா?

— ஆமா.

— என்ன ஆமா?

— ஆமான்னா ஆமாதான். குறைச்சுத்தான் தாவினேன். பிடிச்சுட்ட. திட்டணும்னா திட்டு. திட்டி முடிச்சுட்டுக் கையெழுத்தைப் போடு.

— இவ்வளவு லேசா ஒத்துக்கற?

— உன்கிட்ட மல்லுக்கட்டி என்னாகப் போகுது? ஹாஸ்டல்ல நம்ம ரெண்டு பேர் கட்டிலுக்கும் நடுவுல இருக்கற இடத்தையே அளந்து பங்கு பிரிச்சவ நீ. அதுக்குத்தானே டேப்புன்னு பேரு வச்சேன்.

— பேச்சை மாத்தாத. இந்தக் குறுக்கு வழியை யாரு சொல்லிக் குடுத்தா?

— எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட கோல்கீப்பர் சொன்னா. 'நல்ல கால்ல பாதி மூச்சு போதும், ஆபரேஷன் கால்ல உயிரைக் குடு'ன்னா. டிரெஸ்ஸிங் ரூம்ல இதெல்லாம் ரகசியமே இல்லடி. உனக்கு மட்டுந்தான் தெரியாது.

— கோல்கீப்பரா! தொண்ணூத்தாறு எடுத்துப் பாஸானா. நான்தான் கை குலுக்கி அனுப்பினேன். மூணே வாரத்துல திரும்பக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னா.

— எந்தக் காலு?

— நல்ல கால். ஏன் கேக்கற?

— சும்மா.

— நாலு வருஷம்டி. நாப்பத்தோரு பேர். ஒவ்வொருத்தியையும் இந்தக் கோட்டுல நிக்க வச்சு, குனிஞ்சு குனிஞ்சு அளந்து என் இடுப்பே போச்சு. கடைசியில பாத்தா, பாஸானவங்களும் திரும்ப அடிபடறாங்க, பெயிலாகியும் அடம் பிடிச்சு இறங்கினவங்களும் அதே அளவு அடிபடறாங்க. அதுலயும் பாதிப் பேருக்கு ஆபரேஷன் பண்ணின கால் ஒண்ணும் ஆகல, நல்ல கால்தான் கிழியுது. ஏன்னு புரியாம மண்டை காயுது எனக்கு. என் புரொபசர் என்னமோ நான் டேப்பைத் தலைகீழாப் பிடிச்ச மாதிரி பாக்கறார். இப்பத்தானே தெரியுது. நீங்கள்லாம் கூட்டு சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க.

— உன்னை முட்டாளாக்கணும்னு யாருக்கும் ஆசை இல்ல டேப்பு. விளையாடணும். அவ்வளவுதான். உன் டேப்பு குறுக்க நிக்குது.

— நான் குறுக்க நிக்கறேனா?

— நீ இல்ல. டேப்பு.

— டாக்டரம்மா, உள்ள வரலாமுங்களா? நாலு மணிக்குள்ள நான் லிஸ்ட் அனுப்பணும். நம்ம கண்ணு தேறிட்டாளா?

— வாங்க கோச் சார். நான் டாக்டர் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? ஆராய்ச்சி பண்றவ.

— கையெழுத்து செல்லுதுல்லம்மா? அப்ப டாக்டர்தான். எவ்வளவு வந்துச்சு?

— தொண்ணூத்து மூணு, சார்!

— அப்புறமென்ன கண்ணு! திங்கட்கிழமை செலக்ஷன்ல நீதான் நடுவுல நிக்கற. எனக்கு ராத்திரியே தெரியும்.

— இருங்க சார். கணக்கு வந்துடுச்சு, கால் வரல. நல்ல கால் போன வருஷத்தை விட இருபத்தெட்டு சென்டிமீட்டர் குறைச்சலாத் தாவுது.

— ரெண்டும் சமமா இருக்கா, இல்லையா?

— சமமாத்தான் இருக்கு.

— ரூல்ல கேக்கறது அவ்வளவுதானேம்மா! நல்ல கால் எவ்வளவு தாவணும்னு ரூல்ல எங்கயாவது போட்டிருக்கா?

— போடல சார்.

— போட்டிருந்தா அது வேற பேச்சு. பாருங்கம்மா, கண்ணுக்கு இருபத்தெட்டு வயசு. இது போச்சுன்னா அடுத்த செலக்ஷன் ரெண்டு வருஷம் கழிச்சு. அப்ப பதினெட்டு வயசுப் புள்ளைங்க வரிசையில நிக்கும். நான் ஒண்ணும் இவளைப் பிழியலீங்க. போன மாசம்கூட அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு ரெண்டு வாரம் வரல. சரி, போய்ப் பாரு தாயின்னு அனுப்பி வச்சேன்.

— அம்மாவுக்கா? எப்ப?

— சார், நீங்க கீழ இருங்க. பத்து நிமிஷத்துல பேப்பரோட வந்துடறேன்.

— பத்தே நிமிஷம் கண்ணு. டாக்டரம்மா, உங்க கையிலதான் இருக்குங்க.

— கதவைச் சாத்திட்டுப் போங்க சார். …ஏன்டி முயலு, உங்கம்மா போன மாசம் எனக்கு வாரா வாரம் போன் பண்ணினாங்களே. நீ சரியாச் சாப்பிடறதில்லன்னு எனக்கு விழுந்துச்சு திட்டு. கணீர்னு குரல். அவங்களுக்கா உடம்பு முடியல?

— லீவு வேணும்னா ஊருல எல்லாரும் அம்மாவைத்தான் படுக்க வைக்கறாங்க. பிராக்டிஸ் அலுத்துப் போச்சு. தங்கச்சி வீட்டுல போய்ப் படுத்துக் கிடந்தேன்.

— செலக்ஷனுக்கு ஆறு வாரம் இருக்கறப்பவா? ஜுரத்தோட பிராக்டிஸுக்கு வர்ற ஆளு நீ.

— போலீஸ் மாதிரி கேக்காத. குறைச்சுத் தாவினேன்னு ஒத்துக்கிட்டாச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?

— நூத்து அறுபத்து ரெண்டுல தொண்ணூறு சதவீதம் நூத்து நாப்பத்தாறு. உன் வலது கால் நூத்து இருபத்தஞ்சுலயே நிக்குது. இன்னும் இருபத்தோரு சென்டிமீட்டர் வரணும். இந்த நிலைமையில உன்னை விட்டா, திங்கட்கிழமை எங்கயாவது சடக்குனு திரும்புவ, அவ்வளவுதான்.

— போனா என் காலு.

— கால் உன்னோடது. கையெழுத்து என்னோடது.

— டேப்பு, இங்க பாரு. பதினோரு வயசுலேருந்து அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கிரவுண்டுக்குப் போறேன். இப்பக்கூட, ஆபரேஷன் ஆனதுக்கப்புறமும், அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுது. பேரு லிஸ்ட்ல இல்லன்னா செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நான் எங்கடி போவேன்? எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுடி. உன்ன மாதிரி படிக்கல. பயமா இருக்கு.

— எனக்கும்தான் பயமா இருக்கு.

— அப்ப போட்டுடு. ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு மேட்ச் மாதிரி நினைச்சுக்கோ.

— இந்த வார்த்தையை எங்கயோ கேட்டிருக்கேன்.

— எங்க?

— நாம ஒண்ணா ஆடின பைனலுக்கு முந்தின நாள். என் முட்டி பலூன் மாதிரி வீங்கியிருந்துச்சு. 'ஒரே ஒரு மேட்ச்டி, நீ இல்லாம பின்னாடி யாரு நிப்பா'ன்னு கெஞ்சி, நீயே உட்கார்ந்து கட்டுப் போட்டுவிட்ட. இருபத்தொரு வயசு நமக்கு.

— இத்தனை வருஷம் இதைச் சொன்னதே இல்லையே நீ.

— சொல்லி என்ன? உன்மேல கோபம் இல்ல முயலு. எனக்கும் ஆசைதான், அதான் இறங்கினேன். ஆனா அதுக்கப்புறம் நான் ஓடினதே இல்ல. கண்ணு முன்னாடி பஸ் கிளம்பினாக்கூட அடுத்த பஸ்ஸுக்கு நிக்கறேன். அதனாலதான் இந்தப் படிப்புக்கு வந்தேன், இந்த ரூமுக்கு வந்தேன். இன்னொருத்தி என்ன மாதிரி நிக்கக் கூடாதுன்னு. உன்னைப் போய் நானே அப்படி நிக்க வைக்கணுமா?

— எனக்குத் தெரியும். நீ குனிஞ்சு அளந்துட்டு, தரையில கையை ஊணித்தான் எந்திரிப்ப. அப்பல்லாம் நான் சுவத்தைப் பாத்துக்குவேன். பாக்க முடியல என்னால.

— அப்ப எனக்காக ஒண்ணு பண்ணு.

— என்ன?

— காலையில நீ மாடிப்படி ஏறி வர்றதை ஜன்னல்லேருந்து பாத்தேன். ஒவ்வொரு படிக்கும் ஆபரேஷன் ஆன காலை முன்னாடி வச்சு ஏறின. எனக்கு அப்படியே கண்ணு கலங்கிடுச்சு. அந்தக் கால்மேல இவளுக்கு நம்பிக்கை வந்துடுச்சு, இனிமே பயமில்லன்னு நினைச்சேன்.

— அதையும் பாத்தியா?

— பாக்காம? அதான் சொல்றேன், அந்தக் கால் தேறும். ரெண்டு மாசம் குடு எனக்கு. தினம் நான் கூட நிக்கறேன். அஞ்சு மணிக்கு எங்க போறதுன்னு கேட்டல்ல, இங்க வா. சாவி என்கிட்ட இருக்கு. செலக்ஷன் கமிட்டிக்கு நானே எழுதறேன், 'இவ நிச்சயம் தேறிடுவா, ஒரு இடத்தைக் காலியா வைங்க'ன்னு. கெஞ்சியாவது வாங்கறேன். ஆனா அதுல எழுத எனக்கு நிஜமான நம்பர் வேணும்.

— என்ன நம்பர்?

— நல்ல காலோட நம்பர். வா, கோட்டுல வந்து நில்லு. இடது கால்ல ஒரே ஒரு தடவை, மறைக்காமத் தாவு. நூத்து அறுபது வந்தாப் போதும். நீ ஏமாத்தினதை இந்த ரூமோட விட்டுடறேன். சார்கிட்டகூடச் சொல்ல மாட்டேன்.

— வேணாம் டேப்பு.

— ஒரே ஒரு தடவைதான்.

— முடியாது.

— முடியாதா, மாட்டியா? இவ்வளவு தூரம் இறங்கி வந்து பேசறேன், உனக்கு இன்னும் என்னடி வீம்பு?

— நீ கையெழுத்தே போட வேணாம். பேப்பரைக் கிழிச்சுப் போடு. சார்கிட்ட நானே பெயில்னு சொல்லிக்கறேன். என்னை விட்டுடு, நான் போறேன்.

— நில்லு. எதுக்குச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற? தசை பிடிச்சுக்கிச்சா? உட்காரு இப்படி. இடது கால் பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சு விடு, பாக்கறேன். டெஸ்ட்டுக்கு ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு வான்னு சொன்னேன், குளிருதுன்னு ஒரு சாக்கு…

— தொடாத. தொடாதடி.

— எதுக்கு அழற இப்ப? என்னை ஏமாத்திட்டோமேன்னா? நான்தான் அதை விட்டுடறேன்னு சொல்லிட்டேனே.

— ஏமாத்தவே இல்ல டேப்பு. போன மாசம் படுத்துக் கிடந்தது இந்தக் காலாலதான். மூணு தடவையும் இந்தக் கால்லயும் உயிரைக் குடுத்துத்தான் தாவினேன்.